புதுப்பிப்பு: 46 வயசு, ராத்திரி வேர்வை, பீரியட்ஸ் குளறுபடி, டாக்டர பாத்துட்டேன்

நைட்டி நனையுற அளவுக்கு வேர்க்குது, பீரியட்ஸ் ஒரு மாசம் வராம அடுத்த மாசம் கொட்டுது, பிள்ளைங்க மேல சும்மாவே எரிஞ்சு விழறேன்னு கேட்டிருந்தேன்ல, கைனகாலஜிஸ்ட் பெரிமெனோபாஸ்தான், அதாவது பீரியட்ஸ் முழுசா நிக்கறதுக்கு முந்தின கட்டம்னு சொல்லிட்டாங்க. ஹார்மோன் ஏறி இறங்கிட்டே இருக்கும், அதனால 45 தாண்டிட்டா எஃப்எஸ்ஹெச்ங்கற ஹார்மோன் ரத்த டெஸ்ட் பெரும்பாலும் தேவையில்லயாம், அறிகுறிய வச்சே சொல்லிடுவாங்களாம். ஆனா தைராய்டும் ஹீமோகுளோபினும் கண்டிப்பா பாருங்க தோழிகளே, எனக்கு ஹீமோகுளோபின் 9தான், அதான் மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்கிருக்கு! இரும்பு மாத்திரைய காபி டீயோட போடாதீங்க, சத்து உடம்புல சரியா சேராது. சாயங்கால காபிய நிறுத்தினதுல தூக்கம் பரவால்ல. எலும்புக்கு கேழ்வரகு, கொஞ்சம் வெயிட் தூக்குற எக்ஸர்சைஸ். தொடர்ந்து 12 மாசம் பீரியட்ஸ் வராம இருந்தாதான் மெனோபாஸ், அதுவரைக்கும் கர்ப்பம் தரிக்க வாய்ப்பிருக்கு. அந்த 12 மாசத்துக்கு அப்புறம் லேசா ரத்தத் திட்டு பட்டாகூட உடனே டாக்டர்கிட்ட காமிங்க, தயவுசெஞ்சு தள்ளிப் போடாதீங்க.