மனப்பாடப் பேச்சு, மேடை: உங்களுக்கு நடந்தது?

நடுவர் நாற்காலி:
ஜூலை 15, கல்வி வளர்ச்சி நாள் பேச்சுப் போட்டி. நான் நடுவர், மணி என் கையில். ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி கணீரென்று பேசிக்கொண்டு வந்தாள். "1954-இல் முதலமைச்சர் பொறுப்பேற்ற பெருந்தலைவர்" என்று வலது கையைத் தூக்கினாள். அவ்வளவுதான், பேச்சு நின்றுவிட்டது. தூக்கிய கை இறங்கவே இல்லை. கண் முழுக்க முன்வரிசையில் இருந்த அப்பா மேல். அவர் வாயசைத்து அடுத்த சொல்லை எடுத்துக்கொடுக்கிறார், அந்த நேரம் பார்த்து டீ டிரேயோடு ஒருவர் குறுக்கே போகிறார். பிள்ளை கையை இறக்கிவிட்டு, "அவையோர் அனைவருக்கும் என் முதற்கண் வணக்கம்" என்று மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தாள். நேரம் முடிந்திருந்தது, மணியை அடித்தேன். அடித்திருக்க வேண்டுமா என்று இன்னும் மனசு அரிக்கிறது.

பழைய மாணவன்:
எனக்கும் இதே கதைதான். தமிழய்யா எழுதிக்கொடுத்ததில் பத்திக்குப் பத்தி "கல்விக்கண் திறந்த" என்றே தொடங்கும். காமராசரை 1963-இல் பதவி விலக வைத்துவிட்டு அப்புறம் மதிய உணவுத் திட்டத்துக்கு வந்தேன். எழுதிக்கொடுப்பவர்கள் கவனிக்க: ஒவ்வொரு பத்தியும் வேறு சொல்லில் தொடங்கட்டும். கடைசிப் பத்தியை முதலில் படிக்கச் சொல்லுங்கள். எப்போதும் முதலிலிருந்தே படித்தால் ஆரம்பம் மட்டும்தான் உருவேறும். ஒரு பத்தியின் கடைசி வரியையும் அடுத்ததன் முதல் வரியையும் சேர்த்தே சொல்லிப் பழக்குங்கள், அறுந்துபோவது அங்கேதான். நடுவில் நிறுத்தி "இங்கிருந்து சொல்லு" என்று கேளுங்கள். கையசைவெல்லாம் கடைசியில்.

நாஞ்சில் நாட்டான்:
மனப்பாடமே பாவம் மாதிரிப் பேசாதீர்கள். எங்கள் பக்கத்துச் செய்குத்தம்பிப் பாவலர் 1907-இல் சென்னை விக்டோரியா மண்டபத்தில் சதாவதானம், அதாவது ஒரே நேரத்தில் நூறு விஷயங்களில் கவனம் வைக்கும் கலையை, செய்து காட்டியவர். நினைவாற்றல் நமக்குப் புதிதா?

பழைய மாணவன்:
பாவம் என்று யார் சொன்னது? அவதானத்தில் வெண்பாவுக்கு ஈற்றடி கொடுப்பார்கள், அங்கேயே பாடி முடிக்க வேண்டும். எழுதிக்கொடுத்ததை ஒப்பிப்பதும் அதுவும் ஒன்றா ஐயா?

கடைசி பெஞ்ச்:
சண்டையை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள். எனக்கு முன்னால் பேசிய பையன் என் பேச்சையே பேசினான், வரிக்கு வரி. இருவரும் படித்தது ஒரே கட்டுரை நூல். பெயரைக் கூப்பிட்டார்கள், போனேன். வேறு எதுவும் தெரியாதே, அதையே சொன்னேன். "ஏழைப்பங்காளர்" என்றதும் கூட்டமே அடுத்த வரியை எனக்கு முன்னால் சொல்லி முடித்தது. அவனுக்கு முதல் பரிசு. எனக்கு ஆறுதல் பரிசு, ஒரு டிபன் பாக்ஸ்.