சுவிஸ் பாட்டிமார் கேஸ்ல ஒரு டவுட், யாராவது உதவுங்க ப்ளீஸ்
வணக்கம் மக்களே, எல்எல்எம் செமினாருக்கு ஐரோப்பிய காலநிலை வழக்குகள் பத்தி எழுதிட்டு இருக்கேன். 2019ல நெதர்லாந்து சுப்ரீம் கோர்ட் அர்ஜெண்டாங்கிற சுற்றுச்சூழல் அமைப்பு போட்ட கேஸ்ல, நாட்டோட பசுமைக்குடில் வாயு வெளியீட்ட 1990 அளவுல இருந்து 2020க்குள்ள 25% குறைச்சே ஆகணும்னு, ஐரோப்பிய மனித உரிமை உடன்படிக்கையோட ஆர்ட்டிகிள் 2 (உயிர் வாழும் உரிமை), 8 (தனி வாழ்க்கை, குடும்ப வாழ்க்கை உரிமை) வச்சு சொன்னது புரிஞ்சிடுச்சு. சிக்கல், காலநிலை மாற்றத்துக்கு சுவிஸ் அரசு போதுமான நடவடிக்கை எடுக்கலன்னு வயசான பெண்களோட சங்கமும் நாலு பாட்டிமாரும் போட்ட கேஸ்ல, ஸ்ட்ராஸ்பர்க்ல இருக்கிற ஐரோப்பிய மனித உரிமை கோர்ட் 2024 ஏப்ரல் 9ல குடுத்த தீர்ப்புலதான். ஆர்ட்டிகிள் 8 மீறல்னு 16-1ல சொன்னாங்க, சந்தோஷம், ஆனா அனல் அடிக்கிற நாள்ல ஜன்னல் திரைய மூடிட்டு வீட்டுக்குள்ளேயே கிடந்த பாட்டிமார் நாலு பேரோட தனி மனுவ, பாதிக்கப்பட்டவங்கங்கிற அளவுக்கு வரலன்னு தள்ளிட்டு சங்கத்தோட மனுவ மட்டும் ஏத்துக்கிட்டாங்க, எனக்கு மனசே ஆறல.

இந்த லாஜிக்க எப்படி விளக்குறது? தனி ஆளுக்கு இனி வழியே இல்லையா? மனித உரிமை சட்டம் படிச்சவங்க யாராவது சொல்லுங்க, வெள்ளிக்கிழமை பேப்பர் குடுக்கணும்.