டீப் ஃப்ரீசரில் சோடா கெக்: அடியில் ஐஸ், மேலே வெதுவெதுப்பு, குழாயில் நுரை. என்ன செய்யலாம்?

கேட்டவர் (திசையன்விளை பக்கம்):

வணக்கம். வெயில் காலத்துக் கடை வியாபாரத்துக்காக 300 லிட்டர் டீப் ஃப்ரீசர் ஒன்று பழையதாக வாங்கினேன். மேல்மூடி திறக்கிற பெட்டி மாடல். அதற்குள் 19 லிட்டர் எவர்சில்வர் கெக் (கேஸ் அழுத்தம் தாங்குகிற மூடிய உருளைப் பாத்திரம்) இரண்டு வைத்திருக்கிறேன். வெளிநாட்டில் வீட்டிலேயே பீர் போடுகிறவர்கள் வைத்துக்கொள்வார்களே, அதே கெக். எனக்கு ஒன்றில் சோடா, இன்னொன்றில் பதநீர். நன்னாரி சர்பத்துக்குச் சோடாவும், வழிப்போக்கர்களுக்குச் சில்லென்று பதநீரும் குழாயைத் திறந்தால் வரவேண்டும்.

ஃப்ரீசரின் சொந்தத் தெர்மோஸ்டாட் எல்லாவற்றையும் உறைய வைத்துவிடும் என்பதால் வெளியே எஸ்டிசி-1000 என்கிற வெப்பநிலைக் கன்ட்ரோலர் மாட்டி 3 டிகிரியில் வைத்தேன். சென்சார் ஒயர் உள்ளே தொங்குகிறது. கம்ப்ரசர் அடிக்கடி ஓடி ஓடி நிற்கிறது. கெக்கின் அடியில் ஐஸ் கட்டுகிறது, மேல்பாகம் வெதுவெதுப்பாகவே இருக்கிறது. சோடா பிடித்தால் டம்ளர் முழுக்க நுரை. பெட்டியின் அடியில் தண்ணீரும் தேங்குகிறது. சோடாவுக்கான கார்பன் டை ஆக்சைடு கேஸ் சிலிண்டரும் உள்ளேதான் நிற்கிறது.

இப்போது மூடியைத் திறந்துதான் பிடிக்கிறேன். நாளை ஆள் வைத்துப் பக்கச் சுவரில் ஓட்டை போட்டு இரண்டு குழாய் மாட்டலாம் என்று இருக்கிறேன். சரியா?

பதில், ஃப்ரிட்ஜ் மெக்கானிக் (வள்ளியூர்):

தம்பி, முதலில் அந்த ஆளை வரவேண்டாம் என்று சொல்லுங்கள். ஃப்ரீசர் ஓடும்போது வெளிச்சுவரைத் தொட்டுப் பாருங்கள், சூடாக இருக்கும். பெரும்பாலான பெட்டி மாடல்களில் சூடு தள்ளுகிற குழாய் வெளித்தகட்டுக்குப் பின்னாலும், குளிர் தருகிற குழாய் உள்தகட்டுக்குப் பின்னாலும் சுற்றிச் சுற்றி ஓடுகிறது. எந்த இடம் காலி என்று வெளியே நின்று சொல்ல முடியாது. டிரில் ஒன்றில் பட்டால் ஃப்ரீசரைக் குளிரவைக்கிற கேஸ் முழுக்கப் போய்விடும். புது மாடல் என்றால் உள்ளே இருப்பது ஆர்600ஏ, தீப்பிடிக்கிற கேஸ்.

அதற்குப் பதிலாக மூடிக்கும் பெட்டிக்கும் நடுவில் ஒரு மரச்சட்டம் வையுங்கள். ஆறு அங்குல அகலப் பலகை நான்கை ஃப்ரீசர் வாய் அளவுக்குச் சட்டமாக அடித்து, அடியில் சிலிக்கான் தடவி உட்கார வைத்து, மூடியின் கீலைச் சட்டத்தின் பின்பக்கத்துக்கு மாற்றிவிடலாம். குழாய், கேஸ் ஓஸ், சென்சார் ஒயர் எல்லாம் சட்டத்தில் போட்ட ஓட்டை வழியாகப் போகட்டும். உள்பக்கம் தெர்மோகோல் ஒட்டுங்கள். கெக் உயரம் ஏறத்தாழ 64 சென்டிமீட்டர், அதற்கு மேல் ஓஸ் மாட்டவும் இடம் வேண்டும் இல்லையா, அதுவும் இந்தச் சட்டத்தால் கிடைத்துவிடும்.

அடுத்து சென்சார். அது காற்றில் தொங்கினால் காற்றைத்தான் அளக்கும். மூடியைத் திறந்ததும் சூட்டுக்காற்று பட்டுக் கம்ப்ரசர் ஓடும், மூடியதும் நிற்கும். ஒரு லிட்டர் பாட்டிலில் தண்ணீர் நிரப்பி அதற்குள் சென்சாரை விட்டு, பாட்டிலைக் கெக் பக்கத்தில் வையுங்கள். கெக் உடம்பிலேயே ஒட்டுவதாக இருந்தால் அடியிலிருந்து கால் பங்கு உயரத்தில் ஒட்டி மேலே ஸ்பாஞ்ச் வைத்து மூடுங்கள். உயரத்தில் ஒட்டினால் கெக் பாதி காலியானதும் கணக்கு மாறிவிடும். கன்ட்ரோலரில் எஃப்2 என்பதை 2 டிகிரிக்கும், எஃப்3 என்பதை 5 நிமிடத்துக்கும் ஏற்றுங்கள். எஃப்2 என்பது வைத்த அளவைவிட எத்தனை டிகிரி ஏறினால் கம்ப்ரசர் ஓடவேண்டும் என்பது. எஃப்3 என்பது நின்ற கம்ப்ரசர் மறுபடி ஓட எடுத்துக்கொள்ளும் இடைவெளி. அது குறைவாக இருந்தால் கம்ப்ரசர் திணறி ஆயுள் போகும்.

அடியில் ஐஸ் கட்டுவது, குளிர்காற்று கனமானது என்பதால். கம்ப்யூட்டரில் வருகிற 12 வோல்ட் சின்ன ஃபேன் ஒன்றை அடியில் வைத்து, காற்று மேல்நோக்கிப் போகிறமாதிரி செய்யுங்கள். மேலும் கீழும் சமமாகிவிடும். தண்ணீர் தேங்குவது கடற்கரை ஈரம். மூடியைத் திறக்காமல் குழாயில் பிடித்தாலே பாதி குறையும், மீதியைச் சிலிக்கா ஜெல் பை இழுத்துக்கொள்ளும்.

பதில், சோடாக் கடைக்காரர் (தென்காசி):

மெக்கானிக் அண்ணாச்சி சொன்னதோடு என்னுடையதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். நுரைக்கு ஓஸ்தான் காரணம். சோடாவுக்கு 2 பார் அழுத்தம் வைப்பீர்கள், அதைக் குட்டை ஓஸில் விட்டால் சீறிக்கொண்டுதான் வரும். உள்விட்டம் 5 மில்லிமீட்டர் ஓஸ் ஆறு, ஏழு மீட்டர் எடுத்துச் சுருட்டிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். அழுத்தம் ஓஸிலேயே மெல்லக் குறைந்து குழாயில் அமைதியாக இறங்கும். குழாய் சூடாக இருந்தாலும் முதல் டம்ளர் நுரைக்கும். அந்த ஃபேன் காற்று சட்டம் வரை ஏறட்டும். தண்ணீரை ஒரு ராத்திரி குளிரவிட்டு அப்புறம் கேஸ் ஏற்றுங்கள், குளிர்ந்த தண்ணீரில்தான் கேஸ் நன்றாகப் பிடிக்கும். கெக்கில் வெறும் சோடா மட்டும் போதும். நன்னாரியும் எலுமிச்சையும் டம்ளரில் கலக்கட்டும், ஓஸ் பிசுபிசுக்காது.

சிலிண்டரை இன்றைக்கே வெளியே எடுத்துச் சுவரோடு சங்கிலி போட்டு நிமிர்த்தி வையுங்கள். கார்பன் டை ஆக்சைடு காற்றைவிடக் கனம். கசிந்தால் பெட்டிக்குள்ளேயே தங்கும், அடியில் குனிந்து துடைக்கிறவர் மயங்கி விழுவார். எல்லா மூட்டிலும் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள். இதை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

பதில், வேதியியல் ஆசிரியை (பாளையங்கோட்டை):

எல்லோரும் சோடாவையே பேசிவிட்டீர்கள். பதநீர் கெக்குக்கும் அதே சிலிண்டரையா இணைக்கப்போகிறீர்கள்? கூடாது. கலயத்தில் சுண்ணாம்பு தடவுவதால்தான் பதநீர் புளிக்காமல் இருக்கிறது. சுண்ணாம்புத் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு போனால் பால்போலக் கலங்கும் என்று எட்டாம் வகுப்பிலேயே செய்து காட்டுகிறோம். உங்கள் கெக்கிலும் அதேதான் நடக்கும். சுண்ணாம்பு வெள்ளைப்பொடியாகி அடியில் படியும், காவல் போய்விடும், பதநீர் புளிக்கத் தொடங்கும். புளித்தால் அது கள். தமிழ்நாட்டில் 1987 முதல் கள்ளுக்குத் தடை, கடைக்கு வழக்கு வந்துவிடும்.

அலுமினியக் கேனிலும் ஊற்றாதீர்கள், சுண்ணாம்பு அதை அரிக்கும். எவர்சில்வர்தான் சரி.

கேட்டவர்:

டீச்சர், நல்ல நேரத்தில் சொன்னீர்கள். இனிமேல்தான் இணைக்க இருந்தேன். சிலிண்டர் இப்போதே வெளியே போய்விட்டது. அப்படியானால் பதநீருக்கு என்ன வழி?

பதில், ஃப்ரிட்ஜ் மெக்கானிக் (வள்ளியூர்):

பதநீருக்குக் குழாயே வேண்டாம் என்பது என் கருத்து. இனிப்பும் சுண்ணாம்பும் சேர்ந்து குழாயை அடைக்கும், தினமும் கழற்றிக் கழுவ ஆகாது. மரத்திலிருந்து இறக்கி வந்ததும் வடிகட்டி, எவர்சில்வர் பால் கேனில் ஊற்றி, கேனை ஐஸ் தண்ணீர்த் தொட்டியில் நிறுத்திக் குளிரவிட்டு, பிறகு ஃப்ரீசரில் இறக்குங்கள். நேரே இறக்கினால் இந்தச் சின்னக் கம்ப்ரசர் குளிரவைக்க மணிக்கணக்கில் எடுத்துக்கொள்ளும், அதற்குள் புளிப்பு ஏறலாம். கோப்பையால் மொண்டு பனையோலைப் பட்டையில் ஊற்றிக் கொடுங்கள். அன்றன்றைக்கு வந்ததை அன்றன்றைக்கே விற்றுவிடுங்கள்.

கேட்டவர்:

சரி அண்ணாச்சி, அப்படியே செய்கிறேன். சென்சாரைத் தண்ணீர் பாட்டிலில் விட்டதுமே கம்ப்ரசர் நிதானமாகிவிட்டது. சட்டத்துக்கு ஆசாரியிடம் அளவு கொடுத்திருக்கிறேன். கடைசியாக ஒன்று: சாயங்காலம் இங்கே வோல்டேஜ் இறங்கும். ஸ்டெபிலைசர் வேண்டுமா?

பதில், ஃப்ரிட்ஜ் மெக்கானிக் (வள்ளியூர்):

கட்டாயம் வேண்டும். லைன் முதலில் ஸ்டெபிலைசருக்கு, அங்கிருந்து கன்ட்ரோலருக்கு, அதிலிருந்து ஃப்ரீசருக்கு. எர்த் ஒயர் விட்டுப்போகாமல் பாருங்கள், ஈரத்தில் நின்று வேலை செய்கிற இடம். ஃபேனுக்குத் தனி அடாப்டர் கொடுத்துவிடுங்கள், கம்ப்ரசர் நின்றாலும் அது ஓடவேண்டும்.