தனிமையும் எதிர்பாராத நட்பும்: புதுப்பிப்பு

தனிமை குறைய, வாரம் ஒருமுறை கூடும் ஏதாவது குழுவில் சேரலாம் என்று முன்பு எழுதியிருந்தேன். "சேர்ந்தாச்சு, முகங்கள் பழகிடுச்சு, நட்புதான் வரல" என்பதே அதிகம் வந்த பதில்.

முக்கியக் காரணம் நேரம். அமெரிக்கத் தொடர்பியல் பேராசிரியர் ஜெஃப்ரி ஹால் 2018இல் வெளியிட்ட ஆய்வின்படி, அறிமுகமானவர் சாதாரண நண்பராக ஏறக்குறைய 50 மணி நேரம் பிடிக்கும்; நெருங்கிய நண்பராக 200க்கு மேல். வாரம் ஒரு மணி நேரம் என்றால் முதல் படிக்கே ஒரு வருடம். அதிலும் சேர்ந்து வேலை பார்த்த நேரம் பெரிதாகக் கணக்கில் ஏறாது, வேலையில்லாமல் சேர்ந்திருந்து, சிரித்துப் பேசிய நேரம்தான் ஏறும். (அதை வீண் என்று நினைப்பவர்கள்தான் இங்கே சிக்கிக்கொள்கிறார்கள்.) அதனால் கூட்டம் முடிந்ததும் கிளம்பாமல் அரை மணி நேரம் இருங்கள். பிறகு ஒரே ஒருவரை, நாளும் நேரமும் சொல்லி, வெளியே அழையுங்கள். "ஒருநாள் பார்க்கலாம்" என்றால் அந்த நாள் வராது.

அடுத்த தடை, "அவருக்கு என்னைப் பிடிக்கல போல" என்ற ஊகம். நீண்ட நாள் தனித்திருந்த மனம் புறக்கணிப்பைத்தான் முதலில் தேடும். பதில் வராவிட்டால் ஒரு வாரம் கழித்து மறுபடி கேளுங்கள். இரண்டு முறை மறுத்து, மாற்று நாளும் சொல்லவில்லை என்றால் விட்டுவிடலாம்.

நண்பராக வருபவரின் வயது உங்களோடு ஒத்துப்போக வேண்டியதில்லை. ஒன்று மட்டும்: தனிமையோடு தூக்கமும் பசியும் இரண்டு வாரமாகக் கெட்டிருந்தால், முதலில் மருத்துவரைப் பாருங்கள்.