டைனாகோ எஸ்டி-70: ரெக்டிஃபையர் வால்வு மறுபடியும் போய்விட்டது

கேள்வி (தந்திக்கம்பி):
வணக்கம். என்னிடம் இருப்பது 1960களில் வந்த டைனாகோ எஸ்டி-70 ஆம்ப்ளிஃபையர். அதிலிருந்த, முல்லார்ட் நிறுவனத்தின் ஜிஇசட்34 ரெக்டிஃபையர் (ஏசியை டிசியாக்கும்) வால்வு தேய்ந்து ஓய்ந்ததால், இப்போது தயாராகும் வால்வு ஒன்றை வாங்கிப் போட்டேன். அது சில மாதங்களிலேயே, சுவிட்சைப் போட்டவுடன் உள்ளே பொறி பறக்க, ஃபியூஸையும் எரித்துவிட்டு அடங்கியது. மறுபடியும் புதியதையே வாங்குவதா, பழைய சரக்கைத் தேடிப் பெருந்தொகை கொடுப்பதா, அல்லது சும்மா கிடக்கும் 5யு4ஜிபி என்ற வேறு ரெக்டிஃபையர் வால்வைப் பொருத்திப் பார்க்கலாமா?

பதில் (சாலிடர்):
5யு4ஜிபி அந்தச் சாக்கெட்டில் உட்காரும். ஆனால் ஜிஇசட்34-இன் ஹீட்டர் 1.9 ஆம்பியர் கேட்கும் இடத்தில் இது 3 ஆம்பியர் கேட்கும். டிரான்ஸ்ஃபார்மரின் 5 வோல்ட் சுற்று அதைத் தாங்கும் என்று உறுதியாகத் தெரியாமல் போட வேண்டாம். மேலும், 225 மில்லி ஆம்பியர் ஓடும்போது ஜிஇசட்34 தன்னுள் இழப்பது சுமார் 17 வோல்ட்தான். 5யு4ஜிபி 40 வோல்ட்டுக்கு மேல் விழுங்கிவிடும். ஒலியைப் பெருக்கித் தரும் இஎல்34 வால்வுகள் சூடாகும் முன்பே இது முழு வோல்ட்டேஜையும் கொடுத்துவிடும் என்பது இன்னொரு குறை.

எந்த வால்வு வாங்குவது என்பதை அப்புறம் பார்க்கலாம். ரெக்டிஃபையருக்கு அடுத்து வரும் முதல் கெப்பாசிட்டரில் எத்தனை மைக்ரோஃபாரட் என்று அச்சிட்டிருக்கிறது? பயாஸ் (பாட்டு இல்லாதபோது இஎல்34 வால்வுகளில் ஓடும் மின்னோட்டத்தைத் தீர்மானிக்கும் அமைப்பு) எவ்வளவு வைத்திருக்கிறீர்கள்? திறப்பதற்கு முன் மின்இணைப்பைப் பிடுங்கி, கெப்பாசிட்டர்களில் தேங்கிய மின்னூட்டத்தை ரெசிஸ்டர் வழியாக வடித்து, மீட்டரில் பார்த்துக்கொள்ளுங்கள்.

தந்திக்கம்பி:
100 என்று இருக்கிறது. எனக்கு முன் வைத்திருந்தவர் மாற்றியிருக்க வேண்டும். பயாஸ் கையேட்டில் உள்ளபடி 1.56 வோல்ட்.

பதில் (சாலிடர்):
காரணம் அந்த 100-தான். தொழிற்சாலையிலிருந்து வந்தபோது அங்கே இருந்தது 30 மைக்ரோஃபாரட். ஜிஇசட்34-க்குத் தயாரிப்பாளர் வகுத்த உச்சவரம்பே 60. அதற்கு மேல் போனால், ஒவ்வோர் அரைச்சுழற்சியிலும் வால்வு கணநேரத்தில் இறைக்க வேண்டிய உச்ச மின்னோட்டம் எகிறி, கேத்தோடின் பூச்சு உதிரத் தொடங்கும். ஹம் (மின்சார முனகல்) குறையட்டும் என்று பெரிதாகப் போடுவது வழக்கம். அப்படிக் கூட்டுவதாயின் சோக் எனும் வடிகட்டும் சுருளுக்குப் பின்னால் உள்ள பகுதியில் கூட்டலாம், முதல் பகுதியில் கூடாது.

பயாஸ் விஷயத்தில் கையேட்டைச் சற்றே மீறலாம். 15.6 ஓம் ரெசிஸ்டரில் 1.56 வோல்ட் என்றால் ஒரு ஜோடி இஎல்34-க்கு 100 மில்லி ஆம்பியர். இரண்டு ஜோடிக்கும் சேர்த்து, பாட்டு ஒலிக்காதபோதே 200 ஆகிவிடுகிறது. ரெக்டிஃபையர் வால்வின் எல்லையோ 250. 1.25 வோல்ட்டுக்கு இறக்கினால் 160-ஆகக் குறையும், காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. சுவரில் 245 வோல்ட் வரும் வீடுகளில், பாதியாக்கும் ஸ்டெப் டவுன் வைத்தால் ஏறத்தாழ 122 கிடைக்கும் என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்; இந்தக் கருவி 117-ஐ எண்ணி வடிவமைக்கப்பட்டது.

பதில் (கண்ணாடிக்குமிழ்):
பழைய முல்லார்ட் தேடினால், மேலே அச்சிட்ட பெயரை நம்பாதீர்கள். அதை யாரும் புதிதாக அச்சிடலாம். கண்ணாடியின் அடிப்பக்கம் அரித்து எழுதிய குறியீட்டைச் சாய்வெளிச்சத்தில் பாருங்கள். இரண்டாம் வரி 'பி' என்ற ஆங்கில எழுத்தில் தொடங்கினால் பிளாக்பர்ன் தொழிற்சாலை. ஆனால் 100 மைக்ரோஃபாரட் இருக்கும்வரை அவ்வளவு விலையுள்ள வால்வை அதில் செருகுவதை நான் ஆதரிக்க மாட்டேன்.

எதை வாங்கினாலும், சாக்கெட்டின் 4, 6 ஆம் பின்களுக்கு வரும் கம்பிகளில் 1என்4007 டையோடுகளைத் தொடராகச் சேருங்கள். வால்வு உள்ளே ஷார்ட் ஆனாலும் டிரான்ஸ்ஃபார்மர் தப்பிக்கும். இந்த மாடலில் மாற்றக் கடினமான பொருள் அதுதான். 360-0-360 சுற்றில் தலைகீழ் வோல்ட்டேஜ் ஒரு டையோடின் எல்லையான 1,000-ஐத் தொட்டுவிடுவதால், பக்கத்துக்கு இரண்டிரண்டாகப் போடுவது நல்லது.

தந்திக்கம்பி:
மிக்க நன்றி. கெப்பாசிட்டரை முதலில் மாற்றுகிறேன். டையோடின் கோடு போட்ட முனை எந்தப் பக்கம் வர வேண்டும்?

பதில் (கண்ணாடிக்குமிழ்):
சாக்கெட்டின் 4, 6 ஆம் பின்கள் இருக்கும் பக்கம். கோடில்லாத முனை டிரான்ஸ்ஃபார்மர் கம்பிக்கு.