பிளாஸ்டிக் பம்பரில் பெயின்ட் உரிவது ஏன்?

கேள்வி: காரின் முன்பக்க பம்பருக்கு வீட்டிலேயே பெயின்ட் அடித்தேன், தேய்த்து, பிரைமர் பூசியிருந்தும், மூன்றே மாதங்களில் தோல்போல் உரிகிறது. எங்கே தவறினேன்?

பதில் 1: பம்பரின் உட்புறத்தில் பிபி (PP) அல்லது டிபிஓ (TPO) என்று பொறித்திருந்தால், அது பாலிபுரொப்பிலீன் சார்ந்த பிளாஸ்டிக். அதன் மேற்பரப்பு ஆற்றல் குறைவு என்பதால் சாதாரண பிரைமர் பற்றுவதில்லை. பிளாஸ்டிக் வெளியே தெரியும் இடங்களில் முதலில் அட்ஹீஷன் புரமோட்டரை (பூச்சு பிளாஸ்டிக்கில் ஒட்ட உதவும் திரவம்) மெல்லியதாக அடித்து, டப்பாவில் குறித்துள்ள நேரத்துக்குள் அடுத்த பூச்சைப் போட வேண்டும்.

பதில் 2: தேய்க்கும் முன்பே சோப்பு நீரால் கழுவி, மெழுகு நீக்கியால் துடைத்தீர்களா? இல்லையென்றால் மெழுகும் சிலிக்கோனும் கீறல்களுக்குள் இறங்கிவிடும்.

கேட்டவர்: துடைக்கவே இல்லை.

பதில் 3: அப்படியானால் உரிந்த பெயின்ட் முழுவதையும் அகற்றிவிட்டுத் தொடங்குங்கள். கடைசியில் அடிக்கும் இரு கூறு கிளியர் கோட்டில் (கெட்டியாக்கியுடன் கலந்து பூசும் நிறமற்ற மேல்பூச்சு) நுரையீரலைப் பாதிக்கும் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருப்பதால், தூசு முகமூடி மட்டும் போதாது.