உதவி: கரையேத்துன போட்ல முட்டு சாயுது, வீல்ஹவுஸ் (போட் ஓட்டுற அறை) கதவு அடைய மாட்டேங்குது

குளச்சல்_போட்:
ஜூன் 1 மீன்பிடித் தடைக்காலம் தொடங்குனதும் 45 அடி மரப் போட்டை வேலைக்கு ஏத்தினோம். ரெண்டு பக்கமும் சாயாம இருக்க சவுக்குக் கம்பு முட்டு. மழை விடாம அடிக்கதுல இடது பக்கம் பின்னால உள்ள முட்டு மணல்ல இறங்கி சாஞ்சு நிக்கு. வீல்ஹவுஸ் கதவு மேல்மூலை உரசுது. அந்த முட்டு தொடுற இடத்துல பலகைச் சந்து சாவி நுழையுற அளவு விட்டிருக்கு. ஆப்பை அடிச்சு இறுக்கினா போதுமா?

கடல்நண்டு:
ரெண்டு அடி அடிச்சு விடுங்க, நின்னுக்கிடும்.

ஏராக்கட்டை:
அண்ணே, தயவுசெஞ்சு அடிக்காதீங்க. முட்டு போட் சாயாம பிடிக்கத்தான், பாரம் தாங்க இல்ல. மொத்த எடையும் ஏராவுக்கு (போட்டோட அடிமரம்) கீழ உள்ள கட்டையிலதான் உக்காரணும். ஆப்பு அடிச்சா முட்டு பலகையை உள்ள தள்ளும், சந்து இன்னும் விடும். ஏராவுக்கு எத்தனை கட்டை வச்சிருக்கீங்க? டீசல் டாங்க் காலியா?

குளச்சல்_போட்:
கட்டை மூணு. நடுவுல ரெண்டு, அணியத்துல (முன்பக்கம்) ஒண்ணு. டாங்க்ல பாதி டீசல் கெடக்கு.

ஏராக்கட்டை:
அதான் விஷயம். எஞ்சின், டீசல், ஷாஃப்ட் எல்லாம் பின்னால. அமரத்துக்கு (பின்பக்கம்) கீழ கட்டையே இல்லாம அந்தப் பாரம் முட்டுல தொங்குது. கதவு உரசுறது போட் உடம்பு வளையுறதோட முதல் அடையாளம். ஏராவோட நேரான பாகத்துல நூல் பிடிச்சுப் பாருங்க, எங்க இறங்கியிருக்குன்னு தெரிஞ்சுடும்.

முதல்ல டீசலை இறக்குங்க. மழைத்தண்ணி போட்டுக்கடியில தேங்காம சால் வெட்டி விடுங்க, இல்லன்னா எது வச்சாலும் இறங்கும். அகலமான பலகை போட்டு அதுமேல ஜாக்கி வச்சு ஏராவை மட்டும் தூக்கணும், போட்டோட பக்கப் பலகையைத் தொட்டுத் தூக்கவே கூடாது. கொஞ்சம் கொஞ்சமா. போட் எழும்பும்போது முட்டு தளரும், ரெண்டு பக்கமும் ஆள் நின்னு ஆப்பைக் கூடவே நகர்த்தணும். ஜாக்கிக்குக் கீழ ஆள் குனியக் கூடாது. எழும்பினதும் அமரத்துல கட்டை கொடுங்க. புது முட்டு நின்ன பிறகுதான் பழசை எடுக்கணும், அதுவும் உள்ள வங்கு (பலகையைத் தாங்குற விலாக்கட்டை) இருக்குற இடம் பாத்து. வங்கு இல்லாத பலகையில முட்டு கொடுத்தா குழிஞ்சு போகும். எதிரெதிர் முட்டு ரெண்டையும் ஏராவுக்கு அடியால சங்கிலி போட்டுக் கட்டிடுங்க, வழுக்காது.

தேங்காப்பட்டணம்:
ஃபைபர் வள்ளத்துக்கும் இதே கதைதான். முட்டு தொட்ட இடம் உள்ள அமுங்கியே நிக்கும், அப்புறம் ஜெல்கோட் (ஃபைபர் மேல உள்ள பூச்சு) விரியும்.

குளச்சல்_போட்:
அமரத்துல கட்டை கொடுத்தாச்சு, கதவு அடையுது. சந்து பாதி மூடியிருக்கு. கலப்பத்து (சந்துல பஞ்சு வச்சு அடைக்கிறது) போடலாமா?

ஏராக்கட்டை:
பொறுங்க. இப்ப அடைச்சா, பலகை பழைய இடத்துக்கு வரும்போது கலப்பத்து பிதுங்கி வெளிய வரும். போட் முழுக்க சந்து விட்டிருந்தா மரம் காஞ்சது, தண்ணியில இறங்கினா ஊறி மூடும். இது ஒரே இடத்துல விட்டது. அந்த இடத்துல உள்ள ஆணி தளர்ந்திருக்கான்னு தட்டிப் பாருங்க. தளர்ந்திருந்தா ஆணி முதல்ல, கலப்பத்து அதுக்கப்புறம்.